காந்த அறைக்குள் போகும் முன்: மூளை அறுவைக்குக் கையெழுத்திடப்போகும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவினர்களுக்கு,

உங்கள் வீட்டில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்றோ, மருந்துக்கு அடங்காத வலிப்பு என்றோ, டம்ளரைப் பிடிக்கக்கூட விடாத கைநடுக்கம் என்றோ டாக்டர் சொல்லியிருப்பார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. ஒப்புதல் படிவம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. நான் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. பிரிவில் வேலை பார்க்கும் டெக்னீஷியன். கத்தி பிடிப்பது என் வேலையில்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. துணையோடு மூளையில் சிகிச்சை நடக்கும்போது அந்தக் கருவியை இயக்குவதும், அந்த அறையின் கதவைக் காப்பதும் என்னைப் போன்றவர்கள்தான். அந்தக் கதவருகே நின்று உங்களிடம் சொல்ல நேரம் போதாத சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

டாக்டரிடம் பேசிவிட்டு வெளியே வரும் குடும்பங்கள் பலவும் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வருகின்றன: “எம்.ஆர்.ஐ. பாத்துக்கிட்டே பண்றாங்களாம், பயப்பட ஒண்ணுமில்லையாம்.” முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை அப்படியே ஏற்றுக்கொண்டு கேள்வி கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ. வந்தபிறகு மூளை அறுவையின் பழைய ஆபத்துகள் சில குறைந்திருக்கின்றன. அதோடு, முன்பு இல்லாத சில ஆபத்துகளும் சேர்ந்திருக்கின்றன. இந்தப் புதிய ஆபத்துகளில் பெரும்பாலானவை மனிதர்கள் கவனமாக இருந்தால் தடுக்கக்கூடியவை. அந்தக் கவனத்தில் ஒரு பங்கு உங்களுடையது. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ‘எம்.ஆர்.ஐ. பார்த்துச் செய்வது’ என்பது ஒரே சிகிச்சை கிடையாது. வெவ்வேறான பல ஏற்பாடுகளை இந்த ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள்.

பரவலாகக் கிடைப்பது நியூரோ நேவிகேஷன். அறுவைக்கு முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினியில் ஏற்றி, நோயாளியின் தலையோடு பொருத்திவிடுவார்கள். சர்ஜனின் கையிலுள்ள கருவி மூளையின் எந்த இடத்தில் இருக்கிறது என்று திரை காட்டும். இது மிக உதவியான ஏற்பாடு. ஆனால் திரையில் தெரிவது மண்டையைத் திறப்பதற்கு முன்பு இருந்த மூளை. மண்டையைத் திறந்து, மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வை வெட்டியதும், சுற்றியுள்ள திரவம் வடிகிறது. கட்டியின் ஒரு பகுதியை எடுத்ததும் அந்த இடம் உள்வாங்குகிறது. சில நேரம் வீக்கம் வந்து மூளை மேலெழும்புகிறது. இப்படி ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட மூளை இடம் மாறலாம். பேச்சுக்கான இடமும் கட்டியின் விளிம்பும் சில மில்லிமீட்டர் தள்ளி அமைந்திருக்கும் தலைக்குள், ஒரு சென்டிமீட்டர் மிகப் பெரிய தூரம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் எம்.ஆர்.ஐ. கருவியையே ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுவந்தார்கள். 1994-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில், இரண்டு காந்த வளையங்களை இடைவெளி விட்டு நிறுத்தி, அந்த இடைவெளியில் சர்ஜன் நின்று வேலை செய்யும்படி ஒரு கருவியை நிறுவினார்கள். அதற்குப் பின்னால் இருந்த முக்கியமானவர் ஃபெரென்ஸ் யோலெஸ் என்ற கதிரியக்க மருத்துவர். இப்போதைய தியேட்டர்களில் சர்ஜன் காந்தத்துக்குள் நிற்பதில்லை. கூரையில் பதித்த தண்டவாளத்தில் காந்தம் நகர்ந்து நோயாளியிடம் வரும். அல்லது அறுவை மேசை நகர்ந்து காந்தத்துக்குள் போகும். பாதியில் நிறுத்தி ஸ்கேன் எடுத்து, கட்டி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறுவையைத் தொடர்வார்கள்.

இதனால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் க்ளையோமா வகைக் கட்டி உள்ள 58 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. அறுவையின் நடுவில் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டவர்களில் 96 சதவீதம் பேருக்கு, படத்தில் தெரிந்த கட்டி முழுவதையும் எடுக்க முடிந்தது. வழக்கமான முறையில் அறுவை நடந்தவர்களில் இது 68 சதவீதம். புதிதாகக் கை கால் பலவீனம் போன்ற நரம்புக் குறைகள் வந்தது முதல் குழுவில் 13 சதவீதம், மற்றதில் 8 சதவீதம். ஆய்வு சிறியது என்பதால், இந்த வித்தியாசத்தை எம்.ஆர்.ஐ.யால் வந்தது என்று சொல்ல இடமில்லை. ஆனாலும் இரண்டு எண்களையும் சேர்த்தே பாருங்கள். படம் ‘இங்கே இன்னும் கட்டி இருக்கிறது’ என்று காட்டும். ‘அதை எடுத்தால் உங்கள் அப்பா நாளை உங்கள் பெயரைச் சொல்லுவாரா’ என்பதை அந்தப் படம் காட்டாது. எங்கே நிறுத்த வேண்டும் என்ற முடிவு இன்றைக்கும் சர்ஜனின் அனுபவத்தில்தான் இருக்கிறது. சில நோயாளிகளை அறுவையின் நடுவே விழிக்கவைத்துப் பேசச் சொல்வதும் இதனால்தான்.

இன்னும் இரண்டு வகைகளில் மண்டையை அகலமாகத் திறப்பதே இல்லை. ஒன்று லேசர். பென்சில் கனத்துக்கும் குறைவான துளை வழியாக மெல்லிய லேசர் இழையை மூளைக்குள் செலுத்தி, கட்டியையோ வலிப்பு கிளம்பும் இடத்தையோ சூடாக்கி அழிப்பார்கள். மற்றொன்று குவித்த மீயொலி. தொப்பி போன்ற ஒரு கவசத்தில் பதித்த 1,024 ஒலிமுனைகள் மண்டையோட்டின் வழியாகவே ஒலி அலைகளை அனுப்பி, மூளையின் ஆழத்தில் ஒரு சிறிய புள்ளியில் குவிக்கும். கத்தியும் துளையும் இல்லாமல் அந்தப் புள்ளி சூடாகும். இந்த இரண்டிலும் எம்.ஆர்.ஐ.தான் வழிகாட்டி. இடத்தைக் காட்டுவதோடு, அந்த இடம் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதையும் அதுவே சொல்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மூளைக்குள் தெர்மாமீட்டர் வைக்காமல் எம்.ஆர்.ஐ. எப்படிச் சூட்டை அளக்கிறது? நம் உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சமிக்ஞை தருகின்றன. நீர் சூடாகும்போது அந்த அதிர்வெண் மிக மிக நுட்பமாகக் குறைகிறது. ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அந்த மாற்றத்தைப் பிடித்து, நிறங்களாக மாற்றித் திரையில் காட்டுகிறது கணினி. இது உண்மையிலேயே ஒரு சாதனை. அதே சமயம், இது நேரடி அளவு கிடையாது. சூடாக்கத் தொடங்கும் முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு. தலை சற்று அசைந்தாலும், அந்த இடத்தில் ரத்தமோ காற்றுக் குமிழியோ சேர்ந்தாலும் கணக்கு பிசகும்.

2018 ஏப்ரலில் அமெரிக்க அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., இந்த லேசர் கருவிகளைப் பற்றி மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. திரையில் தெரியும் வெப்பநிலை, மூளையின் உண்மையான வெப்பநிலையைவிடக் குறைவாக இருக்கலாம். அதனால் தேவைக்கு அதிகமாகத் திசு வெந்துபோகலாம் என்பது அதன் சாரம். காரணங்களையும் சொன்னார்கள். ஒரு படத்தை எடுத்து முடிக்க 8 விநாடி வரை ஆகலாம். லேசர் எரிந்துகொண்டிருக்கும்போது 8 விநாடி என்பது பெரிய இடைவெளி. சர்ஜன் திரையில் காண்பது சற்று முன்பிருந்த நிலை. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு கனஅளவுத் திசுவின் சராசரிதான். அதன் நடுவில் ஒரு மெல்லிய பகுதி மட்டும் அதிகமாகச் சூடாகியிருந்தால், சராசரியில் அது மறைந்துவிடும். மூன்றாவதாக, லேசரை நிறுத்தியதும் சூடு நின்றுவிடுவதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் வேகவைத்துக்கொண்டே இருப்பதுபோல், வெப்பம் பக்கத்துத் திசுவுக்குப் பரவுகிறது.

மூளைத் திசு 60 டிகிரியை எட்டினால் அநேகமாக உடனடியாக அழிகிறது. அதற்குக் கீழேயும், 50 டிகிரிக்கு மேல் சில நிமிடம் இருந்தாலே சேதம்தான். வலிப்புக்காக லேசர் வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு மிக அருகிலேயே பார்வை நரம்புப் பாதை ஓடுகிறது, மூளைத்தண்டும் பக்கத்தில்தான். அங்கே சில மில்லிமீட்டர் சூடு மீறினால் பார்வையில் ஒரு பகுதி போகலாம். இதே காலகட்டத்தில் ஒரு நிறுவனத்தின் லேசர் கருவியில் வேறொரு கோளாறு தெரியவந்தது: எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் ரேடியோ அலைகள் பட்டு, மூளைக்குள் இருக்கும் கருவியின் முனையே எதிர்பாராமல் சூடானது. அந்த நிறுவனம் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படித்துவிட்டு லேசர் சிகிச்சையே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். எஃப்.டி.ஏ.யும் அதைத் தடை செய்யவில்லை. மண்டையைத் திறக்க முடியாத எத்தனையோ பேருக்கு அது வழி திறந்திருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. நல்ல குழு திரையில் தெரியும் நிறத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. காப்பாற்ற வேண்டிய இடங்களின் ஓரத்தில் முன்கூட்டியே எல்லைப் புள்ளிகளைக் குறித்து வைக்கும். அங்கே சூடு ஓர் அளவைத் தொட்டால் லேசர் தானாக நிற்கும். சூடு பின்னாலும் பரவும் என்று தெரிந்து, அந்த எல்லையைச் சற்று முன்கூட்டியே வைப்பார்கள். படம் எத்தனை விநாடிக்கு ஒருமுறை வருகிறது என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். படத்தின் எல்லையை அறிந்த குழுவிடம் படம் பாதுகாப்பு. படமே எல்லாம் என்று நம்பும் குழுவிடம் அதே படம் ஆபத்து.

மீயொலி சிகிச்சையையும் இப்படித்தான் இரு பக்கமும் பார்க்க வேண்டும். கைநடுக்கத்துக்கான இந்த முறையை 2016 ஜூலையில் எஃப்.டி.ஏ. அங்கீகரித்தது. அதே ஆண்டு வெளியான ஆய்வில் 76 பேர் பங்கேற்றார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் கைநடுக்க மதிப்பெண் மூன்று மாதத்தில் 47 சதவீதம் குறைந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மாற்றமே இல்லை எனலாம். ஆனால் சிகிச்சை பெற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கு மரத்துப்போதலோ கூச்சமோ வந்தது. 36 சதவீதம் பேருக்கு நடையில் தடுமாற்றம் வந்தது. பலருக்கு இவை போய்விட்டன. ஓராண்டு கழித்தும் மரத்துப்போதல் 14 சதவீதம் பேரிடமும் நடைத் தடுமாற்றம் 9 சதவீதம் பேரிடமும் நீடித்தன. ‘கத்தி இல்லாத ஆபரேஷன்’ என்று விளம்பரத்தில் படிக்கும்போது இந்த எண்களையும் நினைவில் வையுங்கள். கத்தி இல்லை என்பதால் மூளையில் காயம் இல்லை என்று ஆகிவிடாது. மூளையின் ஓர் இடத்தைக் காயப்படுத்தித்தான் அங்கே நடுக்கத்தை நிறுத்துகிறார்கள்.

இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. நோயாளி விழித்தே இருப்பார். தலை முழுவதும் மழித்து, நான்கு திருகுகளால் ஒரு சட்டத்தைப் பொருத்தி, தலையைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடும்படி வைத்திருப்பார்கள். முதலில் காயம் ஏற்படுத்தாத அளவுக்கு லேசாகச் சூடாக்கிப் பார்த்து, நடுக்கம் அடங்குகிறதா, உதடோ விரலோ மரத்துப்போகிறதா என்று கேட்பார்கள். ஒரு சுருள் வரையச் சொல்வார்கள். இவ்வளவு நேரமும் நோயாளியின் கையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சிகிச்சை அந்தக் கணமே நிற்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமை அறையில் எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் எம்.ஆர்.ஐ. பாதுகாப்பின் உயிர்நாடி. அந்த உரிமை உங்களுக்கும் உண்டு.

ஏன் உங்களுக்கும் என்று சொல்கிறேன்?

எம்.ஆர்.ஐ. காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் ஓடும் சத்தம் நின்றாலும், விளக்கு அணைந்தாலும், ராத்திரி இரண்டு மணி ஆனாலும், காந்தம் காந்தம்தான். 1.5 டெஸ்லா கருவியின் நடுவில் உள்ள புலம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. திரவ ஹீலியத்தில், சுழியத்துக்குக் கீழே 269 டிகிரியில் உறைந்திருக்கும் கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம்தான் அந்தப் புலத்தை உண்டாக்குகிறது. சுவிட்சைத் தட்டி அணைக்க முடியாது. அவசரத்தில் ஹீலியத்தை வெளியேற்றிக் காந்தத்தை அழிக்கலாம். அதற்கும் நேரம் பிடிக்கும்.

2001-இல் நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மூளைக்கட்டி அறுவை முடிந்து எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டிருந்தார்கள். அறையின் ஆக்ஸிஜன் குழாயில் கோளாறு. வெளியிலிருந்து இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று அறைக்குள் வந்தது. காந்தம் அதை இழுத்துக்கொண்டது. சிறுவனின் தலையில் அடித்தது. அறுவையைத் தாங்கி வந்த பிள்ளை அதில் இறந்துபோனான். இந்த மரணத்துக்குப் பிறகுதான், 2002-இல் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி எம்.ஆர்.ஐ. பாதுகாப்புக்கான விரிவான விதிகளை வெளியிட்டது. எம்.ஆர்.ஐ. பகுதியை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, உள்ளே போகப்போகக் கட்டுப்பாட்டை இறுக்கும் முறை அதிலிருந்துதான் உலகெங்கும் பரவியது.

2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மாநகராட்சி மருத்துவமனையில் இறந்தவர் நோயாளி இல்லை. உறவினருக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் வந்தார். கருவி அணைத்திருக்கிறது என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தார் கூறினார்கள். நம் மருத்துவமனைகளில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதும், சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பதும், சிலிண்டரைச் சுமப்பதும் கூட வந்தவர்கள்தான் என்று ஆகிவிட்டது. அதனால்தான் இதை டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். எம்.ஆர்.ஐ. கதவைத் தாண்டி எதையாவது எடுத்துக்கொண்டு வரச்சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும், ‘டெக்னீஷியன் சரி என்று சொல்லட்டும்’ என்று நின்றுவிடுங்கள். யாராவது கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கதவருகே நாங்கள் கேட்கும் கேள்விகள் சிலருக்கு எரிச்சலூட்டும். “அம்மா, தாலியில ஊக்கு ஏதாவது மாட்டியிருக்கீங்களா?” என்று கேட்டால், “தங்கம்தான் தம்பி, காந்தம் இழுக்காது” என்று பதில் வரும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, உண்மை. ஆனால் நம் அம்மாக்களில் பாதிப் பேர் தாலிச்சரட்டில் நாலைந்து ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள். ஊக்கு எஃகு. கொண்டை ஊசி எஃகு. பிள்ளையின் இடுப்பிலிருக்கும் தாயத்துக்குள் என்ன தகடு இருக்கிறது என்று அதைக் கட்டிய பாட்டிக்கே தெரியாது. மெட்டி வெள்ளிதான், காந்தம் இழுக்காது. ஆனால் ரேடியோ அலையில் சூடாகலாம். கழற்றச் சொன்னால் மனசு வருந்தும் என்று தெரியும். நேர்ந்துகொண்ட கயிறாக இருந்தாலும் வீட்டிலேயே சாமி படத்தின் முன் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். கடைசி நேரத்தில் கதவருகே அவசர அவசரமாகக் கழற்றும்போதுதான் ஒன்று விட்டுப்போகிறது.

அறுவை அரங்கில் எம்.ஆர்.ஐ. இருந்தால் எங்கள் வேலை இன்னும் கடினம். சாதாரண தியேட்டர் முழுக்க இரும்புச் சாமான்கள்தான்: கத்தரி, இடுக்கி, ஊசி, துளைபோடும் கருவி. காந்தம் உள்ளே வருமுன் ஒவ்வொன்றையும் எண்ணி, தரையில் வரைந்திருக்கும் கோட்டுக்கு வெளியே நகர்த்த வேண்டும். பெரும்பாலும் 5 காஸ் அளவுக்கு மேல் புலம் இருக்கும் பகுதியை அந்தக் கோடு காட்டும். ஒரே ஓர் ஊசி எண்ணிக்கையில் குறைந்தாலும் காந்தம் நகராது. செவிலியர் ஒரு பட்டியலை உரக்கப் படிப்பார்; ஒவ்வொருவரும் தன் பகுதிக்குப் பதில் சொல்வார். பட்டியல் முடியும்வரை சர்ஜனும் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் சர்ஜன் உங்களுக்கு வாய்த்திருந்தால், நல்ல கையில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

அங்கே படுத்திருப்பவர் மயக்கத்தில் இருக்கிறார் என்பதையும் நினைத்துப்பாருங்கள். சாதாரண ஸ்கேனில் கை சுட்டால் நோயாளி கத்துவார். மயக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வழியில்லை. ஈ.சி.ஜி. வயர் வளையமாகச் சுருண்டு தோலைத் தொட்டுக்கொண்டிருந்தால் ரேடியோ அலை அதில் மின்சாரத்தைத் தூண்டி, தோலைச் சுட்டுவிடும். தொடையும் தொடையும், கையும் இடுப்பும் வெறும் தோலாக ஒட்டியிருந்தால்கூட அந்த இடத்தில் புண் வரும். அதனால்தான் நடுவில் துணியோ பஞ்சுத் திண்டோ வைக்கிறோம். வயர்களை நேராக இழுத்து விடுகிறோம். ஸ்கேன் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். மயங்கியிருப்பவரின் காதும் காதுதான். அதற்கும் அடைப்பான் வைக்க வேண்டும்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது.

முதலாவது, மறைக்காமல் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டிருக்கிறார்களா? பேஸ்மேக்கர், காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி, நடுக்கத்துக்காக மூளையில் வைத்த மின்முனை, தலையில் நீர் கோத்ததற்கு வைத்த ஷன்ட் இருக்கிறதா? ஷன்ட்களில் சில வகை, காந்தத்தால் தன் அழுத்த அளவை மாற்றிக்கொள்ளும்; ஸ்கேன் முடிந்ததும் சரிபார்க்க வேண்டும். மூளை மின்முனைகள் சூடாகி, நிரந்தர பாதிப்பு வந்த சம்பவம் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பழைய கிளிப் ஒன்று காந்தத்தில் நகர்ந்து ஒரு நோயாளி இறந்ததும் 1993-இல் பதிவானது. அவருக்கு வைத்தது ஆபத்தில்லாத வகை என்று குறிப்பில் இருந்தது. ‘கிளிப் போட்டாங்க, ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க’ என்பது போதாது. அந்த அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரி, உள்ளே வைத்த பொருளின் பெயர், மாடல் எண் உள்ள அட்டை வேண்டும். பரணில் கிடக்கும் பழைய ஃபைலைத் தேடி எடுங்கள்.

லேத் பட்டறையிலோ வெல்டிங்கிலோ வேலை பார்த்தவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எத்தனையோ வருடம் முன்பு கண்ணில் விழுந்த இரும்புத்தூள் இன்னும் உள்ளே இருக்கலாம். காந்தத்தில் அது நகர்ந்தால் கண்ணே போகும். ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், முன்பு ஊசி மருந்தில் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். படத்தைத் தெளிவாக்கப் போடும் கடோலினிய மருந்தைப் பற்றி முடிவெடுக்க இது தேவை.

இரண்டாவது, கேளுங்கள். இது முன்பு எடுத்த படத்தை வைத்துச் செய்யும் நேவிகேஷனா, நடுவில் புதிதாக ஸ்கேன் எடுப்பதா, லேசரா, மீயொலியா? எங்கள் நோயாளிக்கு இதனால் கிடைக்கும் கூடுதல் பலன் என்ன? இந்த மருத்துவமனையில், இதே குழு இதைச் செய்து பழகியிருக்கிறதா? நடுவில் ஸ்கேன் எடுப்பதால் மயக்கத்தில் இருக்கும் நேரம் எவ்வளவு கூடும்? லேசர் என்றால், பக்கத்தில் காப்பாற்ற வேண்டிய இடம் எது, எல்லைப் புள்ளி எங்கே வைப்பீர்கள்? ரத்தக்கசிவு வந்தால் உடனே மண்டையைத் திறக்க ஏற்பாடு இருக்கிறதா? எம்.ஆர்.ஐ. அறைக்குள் ‘நிறுத்து’ என்று சொல்லும் பொறுப்பு யாருடையது? இவற்றில் ஒன்றும் மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. நல்ல டாக்டர்கள் இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்கமாட்டார்கள். நேரமில்லை என்று தட்டிக்கழித்தால், நேரம் கிடைக்கும்வரை படிவத்தில் கையெழுத்துப் போடாமல் காத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு. உயிர் போகும் அவசரம் என்றால் கதை வேறு. அப்போது டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

மூன்றாவது, எங்களை அவசரப்படுத்தாதீர்கள். ‘ஒரு ஊக்குதானே’, ‘போன தடவை கேக்கலையே’ என்று சொல்லாதீர்கள். போன தடவை கேட்காமல் விட்டிருந்தால் அது தவறு. இந்தத் தடவையும் தொடர வேண்டியதில்லை. மிச்சமுள்ள கேள்விகளைக் கேட்டு முடிக்காத ஊழியரிடம், ‘எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்களா?’ என்று நீங்களே கேளுங்கள். நாங்கள் களைத்திருக்கும் நாளில் அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றும்.

மூளைக்குள் பார்த்துக்கொண்டே வேலை செய்யும் வசதி என் தலைமுறையில் வந்தது. அதை நம்பித்தான் நானும் அந்த அறையில் நிற்கிறேன். என் வீட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டாலும் இந்த வழியையே தேடுவேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் மேலே உள்ள கேள்விகள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்பேன்; பதில்களை எழுதி வாங்கிக்கொள்வேன். நீங்களும் அதையே செய்யுங்கள். இன்றைக்குச் சாயங்காலமே பரணிலிருந்து அந்தப் பழைய ஃபைலை இறக்குங்கள்.

உங்கள் நலம் நாடும்,
எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் ஒருவர்